முதலில் அறை, அப்புறம்தான் மைக்!

நான்கு நண்பர்கள் ஆளுக்கு 15,000 ரூபாய் போட்டு 60,000 சேர்த்திருக்கிறார்கள். மொட்டை மாடி அறையில் ஸ்டூடியோ அமைத்து, தங்கள் பேண்டின் முதல் பாட்டைப் பதிவு செய்ய ஆசை. அவர்களில் ஒருவரின் அம்மா என்னிடம் கேட்டார்: "40,000 ரூபாய்க்கு ஒரே ஒரு மைக் பார்த்து வெச்சிருக்கான். அதுல என் சீட்டுப் பணமும் இருக்கு. வாங்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் என்றேன். காரணம், மைக் அல்ல, அறை.

அறைக்குள் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். 'டங்' என்று எதிரொலித்தால், எவ்வளவு விலையுயர்ந்த மைக்கும் அந்த டங்கையும் சேர்த்தே பதிவு செய்யும். துணி நிறைந்த அலமாரி, புத்தக ஷெல்ஃப், சுவரில் சாய்த்த மெத்தை ஆகியவை எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும். முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது வெறும் நம்பிக்கைதான். பக்கத்து வீட்டுக்காரருடன் நேரம் பேசி வைத்துக்கொள்வதே நல்லது.

எந்த மைக்?

பெரிய கண்டென்சர் மைக் நுணுக்கமாகக் கேட்கும். பக்கத்து வீட்டு மிக்ஸியையும் குக்கர் விசிலையும்கூட! அதற்கு 48 வோல்ட் 'ஃபேன்டம் பவர்' வேறு தேவை. வீட்டு அறைக்கு டைனமிக் மைக்கே தோது. 1965-லிருந்து விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்எம்57, கிட்டார் ஆம்ப்புக்கு இன்றும் முதல் தேர்வு. பாடுவதற்கு அதன் உறவுக்கார மாடலான எஸ்எம்58. மைக் எதுவானாலும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பாட வேண்டும். வியர்க்கும், வேறு வழியில்லை.

எத்தனை இன்புட்?

மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு அதை வாங்குங்கள். ஒவ்வொருவராக வாசித்துப் பதிவு செய்தால் இரண்டு இன்புட் போதும். எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், கீபோர்டு மூன்றையும் மைக் இல்லாமலே நேரடியாக இணைக்கலாம்.

பட்ஜெட்டை உடைப்பது டிரம்ஸ்தான். அதற்குக் குறைந்தது நான்கு மைக்காவது வைத்தால்தான் நன்றாக இருக்கும். அப்படியானால் நான்கு இன்புட்டும் வேண்டும். அதைவிட, வாடகை ஸ்டூடியோவில் சில மணி நேரம் எடுத்து டிரம்ஸை மட்டும் பதிவு செய்து, பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரு இடத்திலும் ஒரே வேகத்தில் மெட்ரோனோம் ஓட வேண்டும், இது முக்கியம்.

காதும் கம்ப்யூட்டரும்

பாடும்போது, காதை முழுதாக மூடும் 'குளோஸ்டு பேக்' ஹெட்போன் அவசியம். இல்லாவிட்டால் மெட்ரோனோம் சத்தம் கசிந்து மைக்கில் ஏறிவிடும். ஸ்பீக்கரைக் கடைசியாக வாங்கலாம். சாஃப்ட்வேருக்கும் உடனே செலவு வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் கராஜ்பேண்ட் இலவசம். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம்.

அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம், அவருடைய அண்ணன் ஃபின்னியஸின் படுக்கையறையில் உருவானது. 2020-ல் அதற்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அறை சிறியது என்பது ஒரு குறையே இல்லை.

அந்த அம்மாவிடம் நான் எழுதிக்கொடுத்த பட்டியல் இதுதான்: இரண்டு டைனமிக் மைக், இரண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், இரண்டு ஹெட்போன், ஸ்டாண்டு, கேபிள். மிச்சப் பணம் டிரம்ஸ் பதிவு செய்யும் ஸ்டூடியோ வாடகைக்கு. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்கவும் சொன்னேன்.

மறுநாள் அவர் போன் செய்தார். பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். அப்புறம் மாடிக்குப் போய்க் கை தட்டிப் பார்த்தானாம். அந்த 40,000 ரூபாய் மைக் இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஆனால், கடைசி வரியில்!