காய்ச்சினாலும் போகாதது

காவிரி டெல்டாவின் கூத்தாநல்லூரிலும் அதைச் சுற்றியுள்ள வெண்ணாற்றுப் பாசன ஊர்களிலும் இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துக்கொண்டு, கறந்த பாலை அப்படியே வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் ஊற்றிப் பிழைக்கும் குடும்பங்களின் தொழில், சட்டத்தின் கண்ணில் இன்னும் உறுதியான இடம் பெறவில்லை. பதப்படுத்தாத பாலின் விற்பனையையே நிறுத்திவிட வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கமும், தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கத்தில் அதிகாரிகளுக்கு என்ன வேலை என்பவர்கள் மறுபக்கமும் நிற்கின்றனர். இரண்டுமே பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாதங்கள். நேரடி விற்பனை தொடர வேண்டும். அதற்குச் சோதனையும் வேண்டும். அந்தச் சோதனை பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், மாடு தின்னும் தீவனத்தையும் மாட்டுக்குப் போடப்படும் மருந்தையும் எட்ட வேண்டும்.

இத்தொழில் நிற்பது விலைக் கணக்கின் மேல். ஆவின் 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்த்தியது; 2023 டிசம்பரில் அரசு அறிவித்த 3 ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்தால் அது 38 ரூபாய். கொழுப்பும், கொழுப்பு நீங்கலான மற்றத் திடச்சத்தும் உரிய அளவில் இருந்தால்தான் அந்தத் தொகை முழுமையாகக் கிடைக்கும். அதே 2022 நவம்பரில் ஆவினின் நிறைகொழுப்புப் பாலான ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 ரூபாயானது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே நேரடியாகப் பால் ஊற்றுபவரின் வாழ்வாதாரம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளின் சம்பாத்தியம் வந்துசேரும் கூத்தாநல்லூரில், கறந்த சூடு ஆறாத பாலுக்குக் கூடுதலாகக் கொடுக்க வாடிக்கையாளர்கள் தயங்குவதில்லை. இந்த வருமானத்தை ஓர் ஆணையால் பறித்துவிட்டு, பாக்கெட் பாலை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வது மாடு வளர்ப்பவருக்கும் நியாயமாகாது, குடிப்பவருக்கும் உதவாது.

சட்டத்தின் குழப்பமோ சிறியதன்று. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, விவசாயிக்கும் அவருடைய பண்ணைத் தொழிலுக்கும் கால்நடைகளுக்கும் சட்டம் பொருந்தாது என்கிறது; விளைபொருள் இயற்கை வடிவிலேயே விவசாயி அல்லாத ஒருவரின் கைக்குப் போன பிறகுதான் அது 'முதல்நிலை உணவு' என்ற பெயரில் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. அப்படியானால், தொழுவத்து வாசலில் செம்பை நீட்டிப் பால் வாங்குவது விலக்குக்குள் அடங்கும் என்று கொள்ளலாம். அதே பாலை மாட்டுக்காரரே கேனில் ஊற்றிச் சைக்கிளில் நான்கு தெரு தள்ளிக் கொண்டுபோய் விற்றால் அது எதில் சேரும் என்பது, அன்றைக்குக் கேள்வி கேட்கும் அலுவலரின் விளக்கத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. 2011-ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு வணிகருக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவை வகுத்தன. பால் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினருக்கு அந்தப் பதிவிலிருந்தும் விலக்கு அளித்தன. ஆனால், அவர் தமது பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்ற வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. காலைப் பாலைச் சொசைட்டிக்கும் மாலைப் பாலை வீடுகளுக்கும் ஊற்றுபவர் அந்த 'முழுவதும்' என்ற ஒரு சொல்லால் விலக்கை இழக்கிறார். இழந்தது தெரியாமலேயே தொழிலும் நடத்துகிறார்.

காய்ச்சாத பாலைப் பற்றிய உலக விவாதம் பெரும்பாலும் கிருமிகளைச் சுற்றியே நடக்கிறது. ஸ்காட்லாந்து 1983-இலும் கனடா 1991-இலும் அதன் விற்பனையைத் தடை செய்தன. அமெரிக்கா 1987-இல் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை நிறுத்தியது. ஜெர்மனி வேறு வழியில் சென்றது: பண்ணையிலேயே விற்கலாம், ஆனால் காய்ச்சிய பிறகே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு அங்கே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சமையலறைக்கு ஒத்துவருவது இந்த ஜெர்மன் முறைதான். பாஸ்டரைசேஷன் எனப்படுவது பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமோ 72 டிகிரியில் 15 விநாடியோ வைத்திருந்து உடனே குளிர்விக்கும் முறை. அடுப்பில் பால் பொங்கி வரும் கொதிநிலை இவ்விரண்டையும் விட உயர்ந்தது. மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காசநோய்க் கிருமியும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் உண்டாக்கும் புருசெல்லாக் கிருமியும் அந்தச் சூட்டில் மடிந்துவிடும். பச்சைப்பால் குடித்தால் உடம்புக்குப் பலம் என்று அண்மைக்காலமாகப் பரவும் பேச்சைத்தான் உறுதியாக மறுக்க வேண்டும். 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை போட்டால் போதுமான புருசெல்லோசிஸ் தடுப்பூசி, 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. கறப்பவரின் உடல்நலத்துக்காகவே அதைத் தவறவிடக் கூடாது.

கிருமிக்கு அடுப்பு இருக்கிறது. அடுப்புக்கு அடங்காதவை இரண்டு.

முதலாவது அஃப்ளடாக்சின். ஈரப்பதத்தில் கெட்டுப்போன பிண்ணாக்கிலும் தானியத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை சுரக்கும் இந்த நஞ்சு, மாட்டின் வயிற்றுக்குள் போன ஓரிரு நாளில் 'எம்-1' என்ற வடிவில் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் பதப்படுத்தினாலும் அழிவதில்லை. நாள்பட உடலில் சேர்ந்தால் கல்லீரலைக் கெடுக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது, கலப்படத்தால் பாதுகாப்பற்றவை என்று கண்டறியப்பட்டவை வெறும் 12. அனுமதி அளவுக்கு மேல் எம்-1 இருந்தவையோ 368. அவற்றில் மிக அதிகமாகப் பிடிபட்ட மாநிலம் தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. பாலில் எதைக் கலக்கிறார்களோ என்று ஊரே அஞ்சிக்கொண்டிருக்க, கலக்காமலேயே வந்துசேரும் நஞ்சைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதே அந்த ஆய்வின் பொருள். இந்த நஞ்சு பாக்கெட் பாலிலும் இருந்தது. எனவே இதைக் கறந்த பாலின் குற்றமாக மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

டெல்டாவின் பருவமோ இந்தப் பூஞ்சைக்கு வாய்ப்பானது. குறுவை அறுவடை முடியும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுவதால், இயந்திரம் அறுத்துப் போட்ட வைக்கோல் வயலிலேயே நனைகிறது. நனைந்ததைக் காயவைக்க வெயிலும் இல்லை, களமும் இல்லை. உளுந்துப் பொட்டும் தாளடி வைக்கோலும் கிடைக்கும் மாசி, பங்குனி வரை மாடுகள் வரப்புப் புல்லையும் கடையில் வாங்கிய கடலைப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு ஆகியவற்றையும் நம்பியிருக்கின்றன. ஈரத் தரையில் நிறுத்திய சாக்கின் அடியில், மஞ்சளும் பச்சையும் கலந்த தூள் படிந்து கட்டிதட்டிய பிண்ணாக்கைக் கொட்டிவிட மனம் வராமல் ஊறவைத்துத் தொட்டியில் கரைக்கும்போதே அந்த வீட்டின் பாலும், அது போய்ச் சேரும் வீடுகளின் பாலும் கெடுகின்றன. நஞ்சேறிய தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பால் தெளிந்துவிடும் என்பது ஆறுதலான செய்தி. சாக்குக்குக் கீழே ஒரு மரப்பலகையும், மழைக்காலத்தில் வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் பிண்ணாக்கு வாங்கும் பழக்கமும் எந்த ஆய்வகத்தையும் விட முந்திக்கொண்டு உதவும்.

இரண்டாவது நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. மடிநோய் கண்ட மாட்டின் காம்புக்குள் செலுத்தும் மருந்து சில நாட்கள் பாலில் இறங்கும். எத்தனை நாட்களுக்கு அந்தப் பாலை விற்கக் கூடாது என்பது மருந்தின் உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒரே ஒரு கறவை வைத்திருப்பவரிடம் அத்தனை நாள் பாலையும் கீழே ஊற்றச் சொல்லிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. தஞ்சாவூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மருத்துவ மையத்தில் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய முறை, 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள்தூள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியில் பூசுவது. தேசியப் பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டு பரப்பியது. நோயின் தொடக்கத்திலேயே அதைக் கையாள வேண்டுமானால், கறக்கும்போது முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கருப்புத் துணியில் விட்டுத் திரி திரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு தொழுவத்திலும் வேண்டும். முற்றிய நோய்க்கு மருத்துவரும் மருந்தும் தவிர்க்க முடியாதவை. அந்த நாட்களின் இழப்பில் ஒரு பங்கையாவது ஈடுகட்டச் சங்கங்கள் வழியாக ஒரு சிறு நிதி ஏற்படுத்தப்பட வேண்டும். இல்லையேல் மருந்து கலந்த பால் சொல்லாமல் கொள்ளாமல் தேநீர்க் கடைக்குப் போய்விடும்.

நாட்டுமாட்டுப் பால், 'ஏ-2' பால் என்ற விளம்பரங்கள் இந்தக் கேள்விகளுக்கு விடையாகா. உம்பளச்சேரி மாட்டினம் பிறந்த இந்த டெல்டாவுக்கே தெரியும், அது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்றால் அதன் பாலிலும் அதே நஞ்சுதான்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கேட்பவை அல்ல. பதிவுக்காகப் பால் ஊற்றுபவரை மாவட்டத் தலைநகருக்கு அலையவிடாமல், கூத்தாநல்லூர் கால்நடை மருந்தகத்திலேயே ஒருநாள் முகாம் நடத்தி முடிக்கலாம். கூட்டுறவு உறுப்பினர் ஒரு பகுதிப் பாலை வீடுகளுக்கு விற்றாலும் விலக்கு நீடிக்கும்படி விதியில் 'முழுவதையும்' என்பதைத் திருத்த, தமிழ்நாடு அரசு உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுத வேண்டும். ஐப்பசி முதல் தை வரையிலாவது, பதிவு செய்த ஒவ்வொருவரின் பாலையும் தீவனத்தையும் மாதம் ஒருமுறை இலவசமாகச் சோதிக்கும் பொறுப்பை, 2012-இல் தொடங்கப்பட்ட ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைக்கலாம். முதல் முறை நஞ்சு தெரியவந்தால் அபராதம் விதிக்காமல் தீவனத்தை மாற்ற உதவ வேண்டும். அபராதத்துக்கு அஞ்சுபவர் மாதிரி கொடுக்க முன்வரமாட்டார். வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பால்காரரிடம் தண்ணீர் கலந்தீர்களா என்று கேட்பதைவிட, இந்த வாரம் மாட்டுக்கு என்ன போட்டீர்கள், ஊசி மருந்து ஏதும் நடக்கிறதா என்று கேளுங்கள். உண்மையைச் சொல்லி நான்கு நாள் பாலை நிறுத்துபவரை, ஐந்தாம் நாள் மீண்டும் அழைத்து வாங்குங்கள்.