‘வீட்டுக்குத் தெரிந்துவிடுமே!’ என்னும் அச்சம்

2018 மார்ச்சில் சென்னை கே.கே.நகரில், வகுப்பு முடிந்து வெளியே வந்த முதலாமாண்டு மாணவி ஒருவர் கல்லூரிக்கு அருகிலேயே குத்திக் கொல்லப்பட்டார். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் கல்லூரி மாணவி ஒருவர் மின்சார ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. அதே 2024 ஏப்ரலில் கர்நாடகத்தின் ஹூப்ளியில், முன்னாள் சக மாணவர் ஒருவர் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவியைக் கொலை செய்தார்.

இத்தகைய செய்திகளில் ‘ஆத்திரம்’ என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. கொலை ஏதோ ஒரு கணத்தில் நிகழ்ந்துவிட்டது போன்ற தோற்றத்தை அது தருகிறது. உண்மை அதுவன்று. கே.கே.நகர் மாணவி தொடர்பாக முன்னரே காவல் நிலையத்தில் புகார் அளிக்கப்பட்டிருந்தது. ஆபத்து முன்கூட்டியே தன்னை அறிவித்துக்கொண்டுதான் வந்தது.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகள் உள் புகார் குழுவிலும் பணியாற்றினேன். என்னிடம் வந்த மாணவிகள் சொன்னவற்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் கைப்பேசியின் கடவுச்சொல் கேட்கப்படும். அடுத்து, யாருடன் பேசலாம், எந்தப் படத்தைப் பதிவிடலாம் என்ற கட்டளைகள் வரும். எங்கே இருக்கிறாய் என்று மணிக்கொரு முறை படம் எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். பிறகு ஓர் அறை. அதைத் தொடர்ந்து கண்ணீரும் மன்னிப்பும். விலக முயலும்போது, ‘செத்துப்போவேன்’ என்ற மிரட்டல். அதுவும் பலிக்காதபோது, ‘படங்களை உன் அப்பாவுக்கு அனுப்புவேன்’ என்ற மிரட்டல்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் மர்ரே ஸ்ட்ராஸ் தலைமையில் 32 நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முந்தைய ஓராண்டில் தம் இணையை உடல்ரீதியாகத் தாக்கியதாக ஒப்புக்கொண்டனர். ஆண், பெண் இருபாலரும் இதில் அடக்கம். எனினும், கடுமையான காயமும் உயிரிழப்பும் பெண்களுக்கே மிகுதியாக நேர்கின்றன. ஒருவர் மற்றவரை அடக்கியாள முற்படும் உறவுகளில் வன்முறை கூடுவதையும் அந்த ஆய்வு கண்டது. பின்தொடர்தல், கழுத்தை நெரித்தல், கொலை மிரட்டல் ஆகியன உயிராபத்தின் அறிகுறிகள் என்பதும், பிரியும் காலமே மிக அபாயமானது என்பதும் உலகெங்கும் இத்துறையினர் ஏற்றுக்கொண்ட உண்மைகள்.

இவற்றுடன் நம் சூழலுக்கே உரிய ஓர் ஆபத்துக் காரணியையும் சேர்த்தாக வேண்டும். அதுதான் ரகசியம். இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, கையில் இருந்த கன்றிய தடத்தைத் துப்பட்டாவால் மறைத்தபடி என் அறைக்கு வந்தார். “வீட்டுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், அம்மா” என்று மன்றாடினார். அவர் நலனுக்காகவே செய்வதாக எண்ணி, அன்று மாலையே பெற்றோரை அழைத்துப் பேசினேன். அடுத்த வாரம் அவருடைய மாற்றுச் சான்றிதழை வாங்கிச் சென்றுவிட்டார்கள். அடித்த மாணவர் தொடர்ந்து வகுப்புக்கு வந்தார், பட்டமும் பெற்றார். அதன்பின் நீண்ட காலம் வேறு எந்த மாணவியும் என் அறைக் கதவைத் தட்டவில்லை. சொன்னால் என்ன நேரும் என்பதை நான் எல்லோருக்கும் காட்டிவிட்டிருந்தேன்.

மிரட்டுபவரின் வலிமை இங்கேதான் பிறக்கிறது. படிப்பு நின்றுவிடும், அவசரமாகத் திருமணம் முடித்துவிடுவார்கள், வேற்றுச் சாதி என்றால் உயிருக்கே ஆபத்து என்ற அச்சங்கள் அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அவன் அவற்றைப் பயன்படுத்திக்கொள்கிறான், அவ்வளவே.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். ஆயினும் முதல்முறை என்றால் பிணையில் விடத்தக்கது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணமாகாத இணையரைப் பொறுத்தவரை, திருமணத்தை ஒத்த உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்தவரையே காக்கிறது. 2010-இல் வேலுச்சாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியின் காதல் இதற்குள் வராது. 2025 ஜனவரியில் தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தம், பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாதென்று துன்புறுத்துபவருக்குத் தடை விதிக்கும் பாதுகாப்பு ஆணைக்கு வழிசெய்திருக்கிறது. இதை எத்தனை கல்லூரிகள் தம் மாணவியருக்குச் சொல்லியிருக்கின்றன?

செய்ய வேண்டியவை எளியவை. கல்லூரிகளில், வயதுவந்த மாணவியின் ஒப்புதலின்றிப் பெற்றோரை அழைப்பதில்லை என்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும். உயிராபத்து தென்பட்டால் மட்டும், அவரிடம் சொல்லிவிட்டு, காவல் துறையின் உதவியை நாடலாம். காவல் நிலையங்கள் ‘எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பும்’ வழக்கத்தைக் கைவிட வேண்டும். பிரிந்த பிறகும் தொடரும் மிரட்டல், சமரசத்துக்குரிய பிணக்கன்று. 181 என்ற மகளிர் உதவி எண் விடுதிச் சுவர்களில் இருக்க வேண்டும். மறுப்பை ஏற்பது தோல்வியன்று என்பதை மாணவர்களுக்கு முதலாமாண்டிலேயே சொல்ல வேண்டும். விடாமல் துரத்துவதே காதல் என்று நம் திரைப்படங்கள் அவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்கின்றன.

பெற்றோருக்கும் ஒன்று. மகள் என்றேனும் நடுக்கத்துடன் வந்து பேசத் தொடங்கினால், ‘யார் அவன்?’ என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். ‘உன் படிப்பு நிற்காது’ என்று முதலில் சொல்லுங்கள். மீதியை அவரே சொல்வார்.