அறிவியல் அரங்கம்: அடைபட்ட காற்று



பொறியியல் பயிலும் தங்கள் மகன், போட்டிக்காகச் 'சண்டை ரோபோ' செய்யப் பணம் கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் டெக்ஃபெஸ்ட் விழாவில் இத்தகைய போட்டிகள் நடைபெற்று வருகின்றன.

எதிரியைக் கவிழ்க்கும் தூக்குப்பலகையே அதன் உயிர். அதனை இயக்குவது அடைத்துவைத்த காற்று, அல்லது கரியமில வாயு. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பேருந்து நிற்கையில் 'புஸ்' என்று ஓசை எழுகிறதே, அந்த வலிமைதான். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டரில் 10 பார் அழுத்தம் கொடுத்தால், பிஸ்டன் ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் எழும். ஆனால் வால்வின் வாய் குறுகலாயிருந்தால் காற்று மெல்லத்தான் நுழையும். எதிரி தூக்கப்படும், எறியப்படாது. பிள்ளைகள் பெரிதும் ஏமாறுவது இங்கேதான். அகன்ற வால்வும், சிலிண்டருக்கு அருகிலேயே சிறு காற்றுக்கலமும் வேண்டும்.

இக்கலை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர் மூவர், 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் காற்றாலும் நீராலும் இயங்கும் சுமார் 100 கருவிகளை விளக்கினர். பூட்டுக்குப் பெயர்பெற்ற நம் ஊரிலும் இரும்பைப் பிசகாமல் அராவும் கைகள் உண்டு. மகனை அவர்களிடம் அனுப்புங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாயிருங்கள். மலிவென்று பி.வி.சி. தண்ணீர்க் குழாயில் காற்றை அடைக்க விடாதீர்கள். வெடித்தால் அது கூரிய சில்லுகளாய்ச் சிதறும். கரியமில வாயுச் சிலிண்டரை வெயிலில் வைப்பதும் ஆகாது. 20 பாகை வெப்பத்தில் 57 பார் இருக்கும் அழுத்தம், 31 பாகையிலேயே 73 பாரை எட்டிவிடும். நம் சித்திரை வெயிலோ அதனையும் தாண்டுவது. பாதுகாப்பு வால்வும் கண்காப்புக் கண்ணாடியும் வாங்கிய பிறகே மற்றவற்றுக்குப் பணம் கொடுங்கள்.