பதறியது யார்?

கார் ரேஸ் என்றாலே யார் ஜெயிச்சாங்கன்னுதான் கேட்போம். நடுவழியில் காரை நிறுத்திய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1903 மே 24, பாரிஸ் – மாட்ரிட் பந்தயம். 200-க்கும் மேல் வண்டிகள், கண்ணை மறைக்கும் புழுதி. பிரான்ஸ் நாட்டுப் பெண் காமில் டு காஸ்ட் பல பேரை முந்திப் போனார். வழியில் ஒரு வீரர், கவிழ்ந்த காருக்கு அடியில் சிக்கிக் கிடந்தார். காமில் உடனே காரை நிறுத்தி உதவினார். அதனால் பின்தங்கினார். விபத்துகளில் பலர் இறந்ததால் பந்தயமே போர்டோ நகரத்தோடு நின்றுவிட்டது.

1904-ல் அங்கே பெண்கள் பந்தயத்தில் ஓட்டத் தடை! பெண்கள் பதறிடுவாங்களாம். பதறுகிறவர் அன்று இறங்கி உதவியிருப்பாரா?

முதலில் வந்தவர் பெயரோடு, ஓர் உயிருக்காக நின்றவர் பெயரையும் எழுதி வைக்கணும். அதுதான் நியாயம். நீங்க என்ன சொல்றீங்க?