ஜெபம் வந்தது, பால் வரவில்லை

போன ஞாயிறு எங்கள் கோயிலுக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். நல்ல குரல், நல்ல தமிழ். நடுவில் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் ராணுவப் போதகர் ஒருவர் போர்முனைக்குக் கிளம்பினாராம். வழியனுப்பப் போன மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். "ஆண்டவர் அழைத்தார், நான் கொடுத்துவிட்டேன்" என்று சிரித்த முகத்தோடு சொன்னாராம். இப்படிப்பட்ட பெண்கள் நம் சபைகளிலும் எழும்ப வேண்டும் என்று முடித்தார். கோயில் முழுக்க ஆமென் சொன்னது.

நான் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவியும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மா அழாம இருந்தாளா, இல்ல அழ நேரமில்லாம இருந்தாளா? யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் கதை கெட்டுப் போகும். அப்படி ஒரு வீட்டை ஆறு மாதம் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2007 ஜூலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் நர்ஸ். வட கரோலினாவில் ஃபயெட்வில் என்ற ஊர். பக்கத்திலேயே ஃபோர்ட் பிராக் ராணுவ முகாம். 82வது வான்படைப் பிரிவின் இருப்பிடம் அதுதான். பைன் மரங்களுக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாளில் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் ஆண் இல்லை. ஈராக்கில் இருந்தார்கள், அல்லது ஆப்கானிஸ்தானில்.

இடது பக்கத்து வீட்டுக்காரர் ராணுவப் போதகர். சாப்ளின் என்பார்கள். நம் ஊரில் அந்தப் பேரைச் சொன்னால் சார்லி சாப்ளின்தான் நினைவுக்கு வருவார். அங்கே அது 1775இலிருந்து இருக்கிற பதவி. இவர் ஆப்கானிஸ்தானில் இருந்தார். வீட்டில் மனைவி, ஒன்பது வயதில் மகன், மூன்று வயதில் மகள். பன்னிரண்டு மாதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த ஏப்ரலில்தான் அமெரிக்க அரசு ராணுவத்தாரின் போர்முனைக் காலத்தைப் பதினைந்து மாதமாக்கியது. அந்த மூன்று மாதம் நமக்கு ஒரு செய்தி. அந்த மகனுக்கு அது ஒரு பிறந்தநாள்.

அவர்கள் போன சபையும் நல்ல சபைதான். அவர் கிளம்பிய மாதம் தினமும் யாராவது சாப்பாடு கொண்டுவந்தார்களாம். இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒருமுறை. நாங்கள் போன நேரத்தில் ஒருவரும் வரவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மேடையிலிருந்து அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். நானே காதால் கேட்டேன். அதே வாரம் அந்த வீட்டில் வெந்நீர்க் கொதிகலன் கெட்டு ஒன்பது நாள் கிடந்தது. அதையும் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு முதலில் உறைத்தது அதுவல்ல. அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வரவில்லை. ஆறுதல் கேட்டுத்தான் ஆட்கள் வந்தார்கள். சிப்பாய்களின் மனைவிமார், பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டுவார்கள். போதகரின் மனைவிதானே, அவருக்கு ஜெபிக்கத் தெரியும், அவருக்கு விசுவாசம் இருக்கும் என்ற நம்பிக்கை. நம் பக்கத்தில் ஐயரம்மா என்போமே, அதேதான். சம்பளமில்லை, நியமன உத்தரவில்லை, ராஜினாமா செய்யவும் வழியில்லை. மற்ற பெண்கள் பயந்தால் அது பயம். ஐயரம்மா பயந்தால் அவிசுவாசம்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. போர்முனையில் ஒருவர் இறந்தால், வீட்டாருக்குச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் படையின் தொலைபேசி, இணையம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். தப்பான வழியில் செய்தி போய்ச் சேரக் கூடாது என்பதற்காக. நியாயமான ஏற்பாடு. ஆனால் இங்கே உள்ள பெண்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். மின்னஞ்சல் நின்றுவிட்டால் யாரோ ஒருவர் இல்லை. அப்புறம் தெருவில் எந்தக் கார் மெதுவாக வந்தாலும் எல்லா வீட்டிலும் ஜன்னல் திரை விலகும். சீருடையில் ஓர் அதிகாரி, கூட ஒரு போதகர். அப்படித்தான் வருவார்கள். நம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கார் எப்படி வரும் என்று மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவர் கணவர் எத்தனையோ முறை அந்தக் காரில் உட்கார்ந்து போயிருக்கிறார்.

அவர் தொலைபேசியில் பேசும்போதும் பாதிதான் பேச முடியும். ஒரு சிப்பாய் போதகரிடம் சொன்னதைப் போதகர் யாரிடமும் சொல்லக்கூடாது, மேலதிகாரியிடமும் கூட. மனைவியிடம் எப்படிச் சொல்வார்? "இன்றைக்கு எப்படி இருந்தது" என்று இவர் கேட்பார். "பரவாயில்லை" என்பார் அவர். "நீ?" "பரவாயில்லை." ஏழாயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் இரண்டு பரவாயில்லைகள். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த ராணுவத்தில் சிப்பாய்களின் தாம்பத்தியம் முறியாமலிருக்க தம்பதிகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துவதே போதகர்களின் வேலைகளில் ஒன்று.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். ராணுவம்தான் எல்லாம் செய்கிறதே, படி கொடுக்கிறதே என்பார்கள். கொடுக்கிறது. அப்போது பிரிவுப்படி மாதம் 250 டாலர். குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள ஒவ்வொரு படைப்பிரிவிலும் குழுவும் உண்டு. அதை நடத்துவதும் பெரும்பாலும் அந்த மனைவிமார்தான். நம் ஐயரம்மா அந்தக் குழுவில் கொடுக்கும் இடத்தில் இருந்தார், வாங்கும் இடத்தில் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க ராணுவம் தானாக ஒரு போதகரைச் சேர்த்துக்கொள்ளாது. இவர் எங்கள் ஊழியர், இவரை நாங்கள் அனுப்புகிறோம் என்று அவருடைய திருச்சபை சான்று தர வேண்டும். சான்று இல்லாவிட்டால் வேலை இல்லை. ஆகவே அனுப்பியது ராணுவம் மட்டுமல்ல, சபையும்தான். கையெழுத்துப் போட்ட சபை, கொதிகலன் கெட்டால் ராணுவத்தைக் கேள் என்று சொல்ல முடியாது. மற்றக் குடும்பங்களுக்குத் துன்பம் வந்தால் போதகர் இருக்கிறார். இந்தப் பெண்ணுக்குப் போதகர் யார்? அவர் கணவர். அவரைத்தான் அனுப்பிவிட்டீர்களே.

அப்படியானால் போகவே கூடாதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சாகக் கிடக்கும் பையனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ராணுவத்தில் போதகர் ஆயுதம் எடுக்கமாட்டார். துப்பாக்கியோடு கூட வருபவர் அவருடைய உதவியாளர்தான். அப்படி வெறுங்கையோடு போகிறவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? 2010 ஆகஸ்ட் 30 அன்று காந்தகார் பக்கத்தில் டேல் கெட்ஸ் என்ற போதகர் கண்ணிவெடியில் நான்கு வீரர்களோடு இறந்தார். வியட்நாம் போருக்குப் பிறகு போரில் கொல்லப்பட்ட முதல் அமெரிக்கத் தரைப்படைப் போதகர் அவர். மனைவியும் மூன்று ஆண் பிள்ளைகளும் இருந்தார்கள். அவருடைய தைரியத்தை நான் மறுக்கவில்லை. அந்தத் தைரியத்தின் விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்றுதான் கேட்கிறேன்.

நான் தபால் இலாகாக்காரன், தபால்தலை சேர்ப்பவன். என் சேகரிப்பில் 1948இல் வந்த அமெரிக்க மூன்று சென்ட் தலை ஒன்று இருக்கிறது. நான்கு முகங்கள், கீழே மூழ்கும் கப்பல். 1943 பிப்ரவரி 3 அன்று கிரீன்லாந்துக்கு அருகே டார்செஸ்டர் கப்பல் தாக்கப்பட்டபோது, தங்கள் மிதவைச் சட்டைகளைக் கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு மூழ்கிய நான்கு போதகர்கள் அவர்கள். ஒருவர் கத்தோலிக்கக் குரு, ஒருவர் யூத ரபி, இருவர் புராட்டஸ்டண்டுகள். குருவைத் தவிர மற்ற மூவருக்கும் மனைவி மக்கள் உண்டு. கிளார்க் போலிங் என்பவரின் மகள் அவர் இறந்த பிறகுதான் பிறந்தாள். தலையில் நான்கு முகங்களுக்கு இடம் இருந்தது. மூன்று விதவைகளுக்கு இடம் இல்லை. ஒரு சின்னத் தபால்தலையில் இடமில்லாததைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரப் பிரசங்கத்திலும் இடமில்லை என்பதுதான் என் குறை.

வேதத்தைக் காட்டாமல் பேசினால் நம் ஆட்கள் கேட்கமாட்டார்கள். சரி, யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தை எடுங்கள். மோசே மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். மாமனார் எத்திரோ அவர்களை வனாந்தரத்துக்கே கூட்டிக்கொண்டு வந்து மருமகனிடம் சேர்த்தார். மறுநாள் மோசே காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரிப்பதைப் பார்த்துவிட்டு, நீ செய்கிறது நல்லதல்ல என்ற கருத்தில் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஊழியம் பெரிது என்று வாய்மூடி நிற்கவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்க வழியும் சொன்னார். இந்த அதிகாரத்தை நிர்வாகத் திறமைக்கு உதாரணமாகப் பிரசங்கிப்பவர்கள், கூட வந்த மனைவி பிள்ளைகளைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் தினசரிப் பங்கீட்டில் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அவர்களை முறுமுறுக்காதே, சாட்சியாக நில் என்றா சொன்னார்கள்? ஏழு பேரைப் பேர் சொல்லித் தேர்ந்தெடுத்து அந்த வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். ஜெபத்தை விடவும் இல்லை, ஜெபத்தைச் சாக்காகச் சொல்லவும் இல்லை.

இவ்வளவு பேசும் நான் யோக்கியனா என்றால், இல்லை. 1981இல் ராணுவத் தபால் சேவைக்கு டெபுடேஷனில் போனேன். வடகிழக்கில் மூன்று வருடம். 99 ஏ.பி.ஓ. என்று முகவரி போட்டால் எனக்கு வந்து சேரும். கடிதத்தைப் பிரிக்காமலேயே ஒரு குடும்பம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று பெருமை பேசுவேன். முதல் மாதம் வாரம் இரண்டு கடிதம் வரும் வீட்டிலிருந்து ஐந்தாம் மாதம் பத்து நாளுக்கு ஒன்று வந்தால், அங்கே ஏதோ சரியில்லை. சிப்பாய்களைக் கூப்பிட்டு, வீட்டுக்கு எழுதுங்கள் என்று புத்தி சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக் கடிதமும் அதே கணக்கில் குறைந்தது. அதை மட்டும் நான் எண்ணவில்லை.

ஃபயெட்விலில்தான் அது வெளியே வந்தது. ஒருநாள் என் மனைவி சாம்பாரும் சோறும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஒன்றும் பேசவில்லையாம். தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவிவிட்டு, பிள்ளைக்குத் தலை வாரிவிட்டு வந்தாள். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போனாள். கொதிகலனுக்கு மருமகன்தான் ஆள் பிடித்தார். ஒரு சாயங்காலம் அவளிடம் கேட்டேன், "நீ ஏன் இவ்வளவு மெனக்கெடுற?"

"நீங்க அங்க இருந்தப்ப சின்னவனுக்கு மஞ்சள் காமாலை வந்துச்சே, தெரியுமா? உங்களுக்கு எழுதலை. சபையில எல்லாரும் ஜெபிச்சாங்க. ஒருத்தரும் பால் வாங்கிக் குடுக்கலை. கைக்குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு, காய்ச்சக்காரப் பிள்ளைய வீட்டுல தனியா விட்டுட்டு நான்தான் போவேன்."

இருபத்தைந்து வருடம் கழித்து ஓர் அந்நிய தேசத்தில் எனக்கு அந்தத் தபால் பட்டுவாடா ஆனது.

பக்கத்து வீட்டுப் போதகர் 2008இல் பத்திரமாகத் திரும்பினார். நாங்கள் அதற்குள் ஊருக்கு வந்துவிட்டோம். மகள் சொன்னாள், அந்தச் சின்னப் பெண் மூன்று வாரம் அவர் மடியில் உட்காரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவரை நிறுத்திக் கைதட்டினார்களாம். மனைவியை எழுந்து நிற்கச் சொல்லவில்லையாம்.

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்க வேண்டாம். எங்கள் சபையில் எனக்குத் தெரிந்து பதினோரு வீடுகளில் ஆண் ஊரில் இல்லை. ராணுவத்தில் இரண்டு, வடநாட்டு மிஷனரி ஊழியத்தில் ஒன்று, மற்றவர்கள் வளைகுடாவிலும் கப்பலிலும். அசனப் பண்டிகைக்கு நன்கொடை வாங்க அந்தப் பதினோரு வீட்டு முகவரியும் நம்மிடம் இருக்கிறது. அந்த வீடுகளில் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வைப்பது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அடுத்த சேகரக் கமிட்டியில் இதை எழுத்தில் கொடுக்கப்போகிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், பேர் போட்டு. வாரத்தில் ஒரு நாள், கிழமை போட்டு. முதல் மாதத்துக்கு அல்ல, ஆள் திரும்பி வந்து மூன்று மாதம்வரை. அதுவரை, அழாத மனைவிகளைப் பற்றிய சாட்சிகளை மேடையில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கப்போகிறேன். கமிட்டியில் எதிர்ப்பு வரும், தெரியும். எனக்கு வயது எழுபத்தொன்று. முதல் வீட்டுக்கு என் பேரையும் என் மனைவி பேரையும் நானே எழுதிவிட்டேன். கிழமை செவ்வாய்.