ஜொகூருக்குப் போகலாமா? கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞர்கள் போட வேண்டிய கணக்கு

பிரிக்பீல்ட்ஸ் கே.எல். செண்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறினால் சுமார் நான்கரை மணி நேரத்தில் ஜொகூர் பாருவில் இறங்கிவிடலாம். 2025 டிசம்பரில் இந்த நேரடிச் சேவை தொடங்கியது முதல், கிள்ளான், ஷா ஆலாம் வட்டார மாமாக் கடைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "இங்க கிடந்து என்னா செய்யப் போற? ஜேபி பக்கம் போ, வேலை கொட்டிக் கிடக்கு."

பேச்சு வெறும் வதந்தி இல்லை. 2025 ஜனவரி 7ஆம் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்பது அதன் இலக்கு. கூலாய், செடெனாக் பகுதிகளில் தரவு மையங்கள் எழும்பி வருகின்றன. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால், நீரிணையை ஐந்தே நிமிடத்தில் கடந்துவிடலாம்.

வேலை அங்கே இருக்கிறது. ஆனால் அந்த வேலை யாருக்கு?

இலக்கில் இருக்கும் ஒரு சொல்

"20,000 வேலைகள்" என்று சொல்பவர்கள் "திறன்சார்" என்ற சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நம் இளைஞர்களைப் பொறுத்தவரை முக்கியமான சொல்லே அதுதான்.

தரவு மையத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டி முடிக்கும் வரை அங்கே பெருந்திரளான தொழிலாளர்கள் தேவை. கட்டடம் எழும்பி, கணினிகள் ஓடத் தொடங்கியதும் ஆள்பலம் சட்டென்று குறைந்துவிடும். அதன் பிறகு நிரந்தரமாகத் தேவைப்படுபவர்கள் உயர் அழுத்த மின்சாரத்தைக் கையாளும் சார்ஜ்மேன்கள், குளிரூட்டும் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்கள், கட்டமைப்புப் பொறியாளர்கள். இவர்களை விட்டால் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும்தான்.

கையில் சான்றிதழ் இல்லாமல் போகிறவருக்கு அந்தக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைக்கும். அங்கே சம்பளம் எவ்வளவு? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது நாடு முழுவதற்கும் ஒன்றுதான். கிள்ளானில் காவலாளிக்கு உள்ள அதே அடிப்படைதான் கூலாயிலும்.

கிள்ளானில் பெற்றோர் வீட்டில் தங்கி வேலைக்குப் போகும் ஒருவர் ஜொகூரில் அறைக்கு 400 ரிங்கிட் கொடுக்கிறார், மாதம் இரு முறை ஊருக்கு வந்து போக 200 ரிங்கிட் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு 600 ரிங்கிட் கூடுதலாகக் கிடைத்தால்தான் அவர் பழைய நிலையிலாவது நிற்க முடியும். ஓவர்டைம் பார்த்துத்தான் அதைச் சம்பாதிக்க வேண்டுமென்றால், அந்த ஓவர்டைமைக் கிள்ளானிலேயே பார்க்கலாம்.

நீரிணையைத் தாண்டினால்?

சிங்கப்பூர் வெள்ளி ஒன்றுக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. விடியற்காலையில் மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர்களை அது இழுப்பதில் வியப்பில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரி பலருக்கும் விடுபட்டுப் போகிறது.

மலேசியாவில் 3,000 ரிங்கிட் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி 13 விழுக்காடு, அதாவது 390 ரிங்கிட், இபிஎஃப் கட்டுகிறார். தொழிலாளியின் பங்கு 11 விழுக்காடு, 330 ரிங்கிட். மாதம் 720 ரிங்கிட் சேர்கிறது. பத்து ஆண்டுகளில், லாப ஈவைச் சேர்க்காமலேயே, 86,400 ரிங்கிட். சிங்கப்பூரில் நிரந்தரவாசத் தகுதி இல்லாமல் வேலை பெர்மிட்டில் இருக்கும் மலேசியருக்கு அந்நாட்டின் சிபிஎஃப் கிடையாது. இபிஎஃப்-இல் சுயமாகப் பணம் போடலாம். போடாவிட்டால் 55 வயதில் கையில் இருப்பது பழைய பாஸ்போர்ட் மட்டும்தான்.

இது நமக்கு முதல் பெயர்ச்சி அல்ல

இடம் பெயர்வது நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. இன்று யூஎஸ்ஜே இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம் இருந்தது. ஷா ஆலாம் நகருக்கு முன் அங்கே சுங்கை ரெங்கம் தோட்டம். 1998 காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலிலும் ரப்பர் தோட்டமே. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பால்மரம் வெட்டியவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது, அவர்களுக்குச் சொந்தமானதல்ல. பட்டணத்துக்கு வந்த பலர் புறம்போக்குக் குடிசையிலும் பிறகு அடுக்குமாடியிலும் ஒதுங்கி, லோரி, காவல், துப்புரவு என்று கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டார்கள். மாறும் பட்டணம் கேட்ட கைத்தொழிலை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அப்போது ஆளில்லை.

அந்தப் பெயர்ச்சி அவர்கள் விரும்பிச் செய்ததல்ல. இன்று ஜொகூருக்குப் போவதா வேண்டாமா என்பதைப் பேரப்பிள்ளைகளே முடிவு செய்யலாம். தயாராகிப் போகலாம் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் போனால், தாத்தா பட்ட அதே பாட்டை வேறு ஊரில் படுவதாகவே முடியும்.

புறப்படும் முன்

முதலில் கைத்தொழில். எஸ்பிஎம் முடித்தவர்களுக்கு ஷா ஆலாமிலேயே அட்டெக் பயிற்சிக் கழகமும் பொலிடெக்னிக்கும் இருக்கின்றன. மின்சாரம், குளிரூட்டல் போன்ற திவேட் துறைகளில் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். சார்ஜ்மேன் ஆக எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். இதற்கு ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும். சிறப்பு மண்டலம் நீண்ட காலத்துக்குத் திட்டமிடப்பட்ட ஒன்று, அவ்வளவு சீக்கிரம் ஓடிப்போகாது.

இரண்டாவது, கடிதம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்பது நம் நாட்டு வேலைச் சட்டம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, இபிஎஃப், சொக்சோ உண்டா, வேலை நேரடி நிறுவனத்திலா அல்லது குத்தகையாளரிடமா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஏஜெண்ட் வாய்மொழியாகச் சொல்லும் சம்பளத்தில் பெரும்பாலும் ஓவர்டைமும் சேர்ந்தே இருக்கும்.

மூன்றாவது, குடும்பம். தனி ஆள் போவது வேறு, பிள்ளைகளோடு போவது வேறு. ஜொகூர் பாருவில் யாஹ்யா அவால், தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. வேலை இடத்துக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வீடு தேடுவது நல்லது. ஊரில் தனியாக இருக்கும் வயதான தாயை யார் கிளினிக்குக்கு அழைத்துப் போவது என்பதையும் புறப்படும் முன்பே அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.

கையில் சான்றிதழும் கடிதமும் உள்ளவருக்கு ஜொகூர் நல்ல ஊர்தான், தாராளமாகப் போகலாம். இரண்டும் இல்லாதவர் இவ்வாண்டு டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் பயிற்சி விண்ணப்பத்துக்குச் செலவிடட்டும். ரயில் அடுத்த ஆண்டும் ஓடும்.