நட்டுவிட்டுப் போகிறவர்கள்

ஒவ்வொரு ஜூன் 5ஆம் தேதியும் எங்கள் அலுவலகத்தில் ஒரு பச்சை டி-ஷர்ட் கொடுப்பார்கள். பஸ் பிடித்து ஊருக்கு வெளியே யாரோ ஒருவருடைய காட்டில் இறங்குவோம். குழி ஏற்கெனவே வெட்டியிருக்கும், கன்று பாலித்தீன் பையோடு குழிக்குப் பக்கத்தில் காத்திருக்கும். நம் வேலை பையைக் கிழித்து உள்ளே இறக்கி, இரண்டு கை மண் தள்ளி, செல்ஃபி எடுப்பது. மதியம் பிரியாணி. தமிழ்நாட்டுச் சமவெளியின் பெரும்பகுதிக்குப் பெருமழை வருவதென்னவோ அக்டோபரில். நாலு மாதம் அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று பஸ்ஸில் ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இதைத் தள்ளி நின்று கிண்டலடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்தது இதைவிடப் பெரிய அபத்தம். சொந்தக் காசில், சொந்த நிலத்தில்.

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கொறங்காடு உண்டு. கொங்கு நாட்டின் வறண்ட பகுதியில் பிறக்காதவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். சுற்றிலும் முள்ளுக்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அவ்வளவுதான். யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் ஆடும் மாடும் இப்படிப்பட்ட நிலங்களை நம்பித்தான் பிழைக்கின்றன. புல் கோடையில் காய்ந்து சருகாகும், ஆனால் வேர் சாகாது, ஒரு மழைக்குத் தலை தூக்கும். அந்தக் காய்ந்த மாதங்களில்தான் வெள்வேலங்காய் உதிரும். செம்மறி அதைத் தின்று, புழுக்கையோடு விதையையும் காடெல்லாம் போட்டுவிட்டு வரும். முளைத்ததில் எதை விடுவது, எதை வெட்டுவது என்று ஆள்தான் முடிவு செய்வார். புல்லுக்கு வெயில் வேண்டும், ஆட்டுக்கு நிழல் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மரங்களின் இடைவெளி ஒவ்வொரு வருடமும் அரிவாளால் தீர்மானிக்கப்படும்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். 2017இல் என் கண்ணுக்கு அது சும்மா கிடந்த நிலம்.

எக்ஸெல் திறந்தேன். பத்துக்குப் பத்தடி இடைவெளி, ஏக்கருக்குச் சுமார் 450 கன்று, நாலு ஏக்கருக்கு 1,800. மலைவேம்பு. ஆறேழு வருடத்தில் பிளைவுட்டுக்குப் போகும் என்று கன்று விற்ற கம்பெனிக்காரர் சொன்னார். திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தார். ஜேசிபி வந்து இரண்டு நாளில் புல்லைப் புரட்டிப் போட்டது, வெள்வேலம் விறகுக்குப் போனது. அப்பா ஒன்றும் பேசவில்லை, கடைசி மரம் சாயும்போது மட்டும் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தக் காட்டை வருசக் குத்தகைக்கு எடுத்து முப்பது ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். அவர் கேட்டது இது மட்டும்தான்: "மரம் வெக்கறது நல்லதுதானுங் தம்பி. ஆட்ட நான் எங்கீங் ஓட்டறது?"

மரம் வைப்பது நல்லது என்பதை அவராலேயே மறுக்க முடியவில்லை பாருங்கள். எனக்கு அதில்தான் கோபம். இந்த நாட்டில் மரம் நடுவதற்கு எதிராக வாயே திறக்க முடியாது. திறந்தால் நீ வில்லன்.

கன்றுகள் செத்துவிட்டன என்று கதை போகும் என நினைத்திருப்பீர்கள். சாகவில்லை. போர்வெல்லும் சொட்டுநீரும் போட்டு வளர்த்தேன், பத்தில் ஒன்பது பிழைத்தது. ஃபேஸ்புக்கில் ஆயிரம் லைக். பிறகு பெங்களூர் வந்துவிட்டேன். பிளைவுட்டுக்கு மரத்தை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? பென்சில் சீவுவதுபோல அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி உரிப்பார்கள். பக்கக் கிளை இருந்த இடமெல்லாம் கணு, உரித்த தாளில் ஓட்டை. ஆகவே முதல் இரண்டு மூன்று வருடம், கிளை விரல் பருமனில் இருக்கும்போதே திரும்பத் திரும்பக் கவாத்து செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. ஆள் வைக்கவும் இல்லை. 2024இல் வந்து பார்த்த வியாபாரி நாலு மரத்தைத் தட்டிவிட்டு, "வெறகு வெலதான் சார்" என்றார். தாள் எழுதிக் கொடுத்த கம்பெனியின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. மேற்கு வேலியை ஒட்டிப் பக்கத்துக் காட்டில் சோளம் நிழலடித்து நோஞ்சானாக நிற்கிறது. அவர்கள் என்னிடம் பேசுவதில்லை.

இது என் முட்டாள்தனம் மட்டும் என்றால் கட்டுரை எழுத மாட்டேன். நாம் எண்ணும் முறையிலேயே இது இருக்கிறது. இந்திய வன அளவை நிறுவனம் வனப்பரப்பு என்று சொல்வது எதைத் தெரியுமா? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரத்தழை மூட்டம் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். யார் நிலம், என்ன மரம் என்பது கணக்கில்லை. தென்னந்தோப்பும் சேரும். என் உருப்படாத மலைவேம்பும் சேரும். கொறங்காட்டுப் புல் எந்தக் கணக்கிலும் வராது. புதர் நிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் தரிசு என்று வரைபடத்தில் போடும் வழக்கம் நம்முடையது. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது. காப்புக்காட்டில் அவ்வளவு இடம் ஏது? விவசாய நிலத்தில்தான் அந்த மரங்கள் நிற்க வேண்டும். விவசாயிக்கு இலவசக் கன்று கிடைக்கும். கவாத்துக்கு யார் ஆள் கொடுப்பார்கள்? நெருக்கமாக நின்றால் பாதியை வெட்டிக் கலைக்க வேண்டும், அப்போது "மரத்தை வெட்டுகிறான்" என்று வீடியோ எடுக்கும் தம்பியை யார் சமாளிப்பது?

வெட்டத் தெரியாதவனுக்கு மரம் வளர்க்கத் தெரியாது. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு போடுபவர்களைப் பாருங்கள். காகித ஆலைக்கும் கட்டடச் சாரத்துக்கும் போகும் மரம். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் நட்டு, பக்கக் கிளை கழித்து, மூன்று நாலு வருடத்தில் மொத்தமாக வெட்டிவிட்டு மறுபடி நடுகிறார்கள். யாரும் அவர்களுக்குப் பசுமை விருது கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. தொரட்டியோடு போகும் ஆட்டுக்காரருக்கு எந்தக் கிளையை எந்த மாதம் இழுத்தால் அடுத்த வருடமும் தழை வரும் என்று தெரியும். நம்மாட்கள் கண்ணில் அவர் மரத்துக்கு எதிரி.

"அப்ப மரமே வேண்டாங்கறியா?" என்று நண்பன் கேட்டான். கொறங்காட்டில் மரம் இருந்ததடா. அதை வெட்டித்தானே மரம் நட்டேன். இந்திய அரசு 2014இல் வேளாண் காடு வளர்ப்புக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. பயிரும் மரமும் கால்நடையும் ஒரே நிலத்தில் என்பதுதான் அதன் சாரம். எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, செய்து வைத்திருந்தார்கள். நாங்கள் பெயரைத் தெரிந்துகொண்டு அதை அழித்தோம்.

இந்த மாசியில் இரண்டு ஏக்கர் மலைவேம்பை விறகு விலைக்கே கொடுத்துவிட்டேன். அடிக்கட்டையிலிருந்து துளிர் வருகிறது, மாதம் ஒருமுறை போய் ஒடித்துவிட்டு வருகிறேன். கொழுக்கட்டைப் புல் விதை தூவினோம், ஒரு மழைக்கு அங்கங்கே திட்டாக வந்திருக்கிறது. வெள்வேலத்துக்கு விதை எங்கே வாங்குவது என்று அப்பாவிடம் கேட்டேன். "ஆட்ட வுடு, அது கொண்டாரும்" என்றார். பழைய குத்தகைக்காரரிடம் போய்ப் பேசினேன், இப்போது பணம் எதுவும் வேண்டாம், ஓட்டிக்கொள்ளுங்கள் என்று. அவரிடம் மிச்சம் இருப்பது ஆறு ஆடு. மீதியை 2018இலேயே விற்றுவிட்டாராம்.